விசுவாசத்தைக் கதையாக எழுதும்போது

கிறிஸ்தவ விசுவாசத்தை மையமாக வைத்து எழுதப்படும் கதைகளைப் பிரசுரத்துக்கு முன் படித்துத் திருத்துகிறவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே பழகிவிடும்: மூன்றாம் பக்கத்திலேயே முடிவு தெரிந்துவிடும். குடிகாரன் திருந்துவான். நாத்திகப் பேராசிரியர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து அழுவார். இருபது வருடம் ஜெபித்த தாய்க்குக் கடைசி அத்தியாயத்தில் மகனிடமிருந்து கடிதம் வரும். இவை நடக்காத காரியங்கள் என்று யாரும் சொல்லவில்லை, நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் எழுத உட்காரும் முன்பே எழுதியவரிடம் பதில் இருந்திருக்கிறது. கதை அந்தப் பதிலுக்குத் தைத்த சட்டையாக நிற்கிறது.

பாத்திரங்கள் பேசுவதை வைத்து ஒரு கதையின் இறையியலை எடைபோட முடியாது. எதற்குப் பிறகு எது நடக்கிறது, எதனால் நடக்கிறது என்பதில்தான் அது இருக்கிறது. நாவல் முழுக்கப் போதகர் "கிருபை இலவசம்" என்று பிரசங்கிக்கிறார். ஆனால் கதையில் நல்லது நடப்பதெல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டவர்களுக்கு மட்டும்தான். அப்படியானால் அந்தப் புத்தகம் போதிப்பது கிருபையை அல்ல, கூலியை. வாசகர் போதகரை மறந்துவிடுவார், நிகழ்ச்சிகளைத்தான் நம்புவார்.

அதனால் முதல் வரைவு முடிந்ததும் ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போட்டு எழுதிப் பாருங்கள். முதல் வரிசையில் கதையில் வரும் ஒவ்வொரு ஜெபமும். இரண்டாவதில் அதற்குப் பிறகு நடந்தது. மூன்றாவதில் இடையில் எத்தனை பக்கம். எல்லா ஜெபத்துக்கும் அடுத்த பத்துப் பக்கத்துக்குள் பதில் வந்துவிடுகிறதென்றால், விசுவாசித்தால் செல்வமும் சுகமும் வந்துவிடும் என்ற செழிப்பு உபதேசத்தை நீங்கள் மேடையில் எவ்வளவு கடுமையாக எதிர்ப்பவராக இருந்தாலும், உங்கள் பிரதி அதைத்தான் பரப்பிக்கொண்டிருக்கிறது. அதே தாளில் தற்செயல்களையும் குறியுங்கள். தற்செயலாக ஒருவர் சிக்கலில் மாட்டினால் வாசகர் ஒப்புக்கொள்வார். தற்செயலாகத் தப்பினால் முகம் சுளிப்பார். விசுவாசக் கதையில் இந்தச் சிரமம் இரட்டிப்பு, ஏனென்றால் இங்கே ஒவ்வொரு தற்செயலும் தேவ நடத்துதலாக வாசிக்கப்படும். வேதாகமம் இதை எப்படிக் கையாளுகிறது என்று பாருங்கள். ரூத் போவாசின் வயலுக்குப் போனது தற்செயலாக என்றுதான் எழுதியிருக்கிறது (ரூத் 2:3). எபிரெய எஸ்தர் நூலில் கடவுளின் பெயரே கிடையாது. அண்ணன்மாரால் குழியில் தள்ளப்பட்ட யோசேப்பின் கதையில் "நீங்கள் தீமை நினைத்தீர்கள், தேவனோ நன்மையாக்கினார்" என்ற விளக்கம் ஆதியாகமம் 50-ல்தான் வருகிறது. குழியும் சிறையும் பஞ்சமும் எல்லாம் முடிந்த பிறகு, பாதிக்கப்பட்டவனே சொல்கிறான். அதே வார்த்தையை 37-ஆம் அதிகாரத்தில் குழிக்கு மேலே நின்று யாராவது சொல்லியிருந்தால் அதைவிடக் கொடூரம் இருக்க முடியாது. பல பிரதிகள் அந்த வார்த்தையைக் குழிக்கு மேலேதான் சொல்கின்றன.

இன்னொருவருக்காக உயிரைக் கொடுக்கும் பாத்திரத்தை எழுதுகிறவர்களிடம் எப்போதும் கேட்க வேண்டிய கேள்வி: விலையை வாங்கிக்கொள்வது யார்? வில்லன் வாங்கிக்கொள்கிறான் என்றால் அது இயேசுவின் மரணத்தைப் பிசாசுக்குக் கொடுத்த விலையாகப் பார்க்கும் மீட்புப்பணக் கோட்பாடு, திருச்சபையின் ஆரம்ப நூற்றாண்டுகளில் பரவலாக இருந்தது. சட்டமோ நியாயமோ கேட்கிறது, கொடுத்தாக வேண்டும் என்றால், 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இறையியலாளர் ஆன்செல்ம் எழுதியதன் வழியில் போகிறீர்கள். யாருக்கும் எதுவும் செலுத்தப்படவில்லை, பார்த்துக்கொண்டிருந்தவர்களின் மனம்தான் மாறியது என்றால் அவருக்குப் பின் வந்த இறையியலாளர் அபெலார்டின் பக்கம் வந்துவிட்டீர்கள். திருச்சபைத் தந்தையரில் ஒருவரான நாசியான்சின் கிரகோரி 4-ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார். பிசாசுக்கா கொடுக்கப்பட்டது? அது அவமானம். பிதாவுக்கா? அவர் எப்போது நம்மைச் சிறைபிடித்தார்? மூன்றில் எதை எடுத்தாலும் கதை நிற்கும். எதை எடுத்தோம் என்று தெரியாமல் மூன்றையும் கலந்தால், உச்சக்காட்சியில் வாசகருக்கு அழுகை வரும், ஆனால் ஏன் இவன் சாக வேண்டியிருந்தது என்பது மட்டும் விளங்காது.

இனி தொடக்கத்துக்கு வருவோம். "மன்னிப்பைப் பற்றி ஒரு கதை" என்று ஆரம்பித்தால் எதுவும் நகராது. மன்னிப்பை ஒரு நிமிடத்துக்குள் செய்தாக வேண்டிய, அல்லது செய்ய மறுக்க வேண்டிய காரியமாக மாற்றுங்கள். ஆராதனையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் இருக்கிறதே, அதுவே போதும். ஒரு பெண்ணின் மகன் சாலை விபத்தில் இறந்துபோனான். வண்டியை ஓட்டியவன் தண்டனை முடிந்து அதே சபைக்குத் திரும்பியிருக்கிறான். வேறு இடம் காலியில்லாததால் அவளுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். போதகர் சமாதானம் சொல்லிக்கொள்ளச் சொல்கிறார். எல்லோரும் திரும்புகிறார்கள். அவனும் திரும்புகிறான்.

வழக்கமாக வரும் வரைவு இப்படி இருக்கும்: "அவள் உள்ளத்தில் கிருபை ஊற்றெடுத்தது. கண்ணீரோடு அவன் கைகளைப் பற்றிக்கொண்டு, தேவன் உன்னை மன்னித்ததுபோல நானும் மன்னிக்கிறேன் என்றாள்."

இதே காட்சியை இப்படியும் எழுதலாம்: "திரும்பியவன் அவளைப் பார்த்ததும் நீட்ட வந்த கையைப் பாட்டுப் புத்தகத்தின்மேல் வைத்துக்கொண்டான். கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. ஏதோ வேலைக்குப் போகிறான் போலிருக்கிறது என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. பக்கத்திலிருந்த அம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவசரமாக அவள் கையைப் பிடித்துச் சமாதானம் என்றாள். அவளும் சமாதானம் என்றாள், அம்மாளைப் பார்த்து. அவன் முன்பக்கம் திரும்பிக்கொண்டான். பாட்டு தொடங்கிவிட்டது."

இரண்டாவதில் எதுவும் முடிவாகவில்லை. அடுத்த ஞாயிறும் அவன் வருவான். அவன் கையை இழுத்துக்கொண்டது குற்றவுணர்வா கோழைத்தனமா என்று வாசகர் யோசிக்கலாம். தன் மகனைக் கொன்றவனின் நகத்தைக் கவனித்துவிட்ட அந்தக் கணத்தில் அவளுக்குள் ஏதோ நடந்துவிட்டது, அதற்கு ஆசிரியர் பெயர் வைக்கவில்லை. இதில் இன்னொரு இறையியல் விஷயமும் ஒளிந்திருக்கிறது. மத்தேயு 5:23-24-ன்படி, பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு எழுந்து போக வேண்டியவன், தன்மேல் பிறருக்குக் குறை உண்டென்று நினைவுகூருகிறவன். அடியெடுக்க வேண்டியது அவன்தான். பெரும்பாலான வரைவுகள் முழுப் பாரத்தையும் பாதிக்கப்பட்டவர் தலையில் ஏற்றிவிடுகின்றன. திருச்சபைக்குள் நடந்த துஷ்பிரயோகங்களும், "மன்னித்துவிடு" என்ற ஒரே வார்த்தையால் அவை மூடி மறைக்கப்பட்டதும் வெளியே வந்துவிட்ட இந்தக் காலத்தில், அப்படி எழுதுவது வெறும் கலைக்குறைபாடாக மட்டும் நின்றுவிடாது. மன்னிப்பது, உறவு சீராவது, சட்டம் தன் வேலையைச் செய்வது, மூன்றும் தனித்தனி. ஒரே கதையில் ஒன்று நடந்து மற்ற இரண்டும் நடக்காமல் போகலாம். ஒருத்தி மனதார மன்னித்துவிட்டு நீதிமன்றத்தில் சாட்சியும் சொல்லலாம். இந்தக் கடைசி வகைக் கதை ஏனோ அபூர்வமாகத்தான் கைக்கு வருகிறது.

இதே முறையில் எந்த உபதேசத்தையும் செயலாக மாற்றலாம், ஆனால் வழிபாட்டு விவரம் துல்லியமாக இருக்க வேண்டும். திருவிருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்து அப்பத்தில் எப்படி இருக்கிறார் என்று இரண்டு பாத்திரங்களை விவாதிக்க விட்டால் வாசகர் பக்கத்தைத் தள்ளிவிடுவார். ஆராதனை முடிந்தபின் மீந்த அப்பத்தை என்ன செய்கிறார்கள் என்று காட்டுங்கள். கத்தோலிக்க ஆலயத்தில் மீந்த அப்பம் நற்கருணைப் பேழைக்குப் போகும். மீந்த திராட்சை இரசத்தை அங்கேயே அருந்திவிட வேண்டும். ஆங்கிலிக்கன் சபையின் 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம், மீந்ததைக் குருவும் சபையாரும் பயபக்தியோடு உட்கொள்ளச் சொல்கிறது. இதை நினைவுகூருதலாக மட்டும் பார்க்கும் பல சபைகளில் அது மறுபடி சாதாரண அப்பம்தான். 1529-ல் ஜெர்மனியின் மார்பர்க்கில் திருச்சபைச் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்லியும் 15 அம்சங்களில் 14-ல் ஒத்துப்போய், கடைசியில் இந்த ஒன்றில் முழு உடன்பாடு காண முடியாமல் பிரிந்தார்கள். அந்தப் பிளவு முழுவதையும் ஒரு சமையலறைக் காட்சிக்குள் வைத்துவிடலாம்: வேறு மரபிலிருந்து வந்த இளம் உதவியாளர் துண்டுகளைக் குப்பைக்கூடையில் தட்டுகிறார், வாசலில் நிற்கும் வயதான அம்மா அதைப் பார்க்கிறார். யாரும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

குருவிடம் ரகசியமாகப் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். துப்பறியும் கதைச் சாயலில் எழுதுகிறவர்கள் குருவைக் காவல் நிலையத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 983-ன்படி அங்கே கேட்டதை ரகசியமாகக் காக்கும் முத்திரையை உடைக்கவே முடியாது. நேரடியாக உடைத்த குரு அந்தச் செயலாலேயே திருச்சபை விலக்குக்கு உள்ளாகிறார். இதைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அடுத்த விதி, 984, அவ்வளவாகத் தெரியாது, ஆனால் கதைக்கு அதுதான் தங்கச் சுரங்கம். வெளிப்படும் அபாயம் துளியும் இல்லாவிட்டாலும், அங்கே கேட்டதை அறிக்கையிட்டவருக்குப் பாதகமாகக் குரு பயன்படுத்தக் கூடாது. நிர்வாக முடிவுகளுக்கும் பயன்படுத்தக் கூடாது. அப்படியானால், காணிக்கைப் பெட்டியில் கைவைத்ததாகப் பொருளாளர் அறிக்கையிட்டால், அதை வைத்து அவரிடமிருந்து சாவியைக்கூட வாங்க முடியாது. அடுத்த ஞாயிறும் அதே ஆளிடம் அதே சாவியைக் கொடுக்க வேண்டும். ஒரு நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்? சீர்திருத்தச் சபைப் போதகரிடம் சொல்லப்படும் ரகசியம் வேறு வகை. சபையின் ஒழுங்கும் நாட்டின் சட்டமும் இடத்துக்கு இடம் மாறும். எந்தச் சபை, எந்த நாடு என்று முடிவு செய்துகொள்ளாமல் அந்தக் காட்சிக்குள் இறங்காதீர்கள்.

ஜெபங்களை எழுதும்போது வரும் கோளாறு கொஞ்சம் வேடிக்கையானது. "ஆண்டவரே, உமக்குத் தெரியும், என் அண்ணன் மகன் மூன்று வருடமாக வேலையில்லாமல் இருக்கிறான், அவன் மனைவியும் போன மாதம் பிரிந்து போய்விட்டாள்..." கடவுளுக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே எல்லா விவரத்தையும் கொட்டுவது வாசகருக்காக. அந்தத் தகவலை முன்னாலேயே வேறு வழியில் கொடுத்துவிடுங்கள். அப்போது ஜெபத்தில் தகவல் மிச்சமிருக்காது, கெஞ்சல் மட்டும்தான் இருக்கும். சங்கீதம் 13-ன் முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது, என்ன நடந்தது என்று ஒரு விவரம்கூட இல்லை. அந்தச் சங்கீதம் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்புகிறது. 88-ஆம் சங்கீதம் திரும்புவதே இல்லை, இருளிலேயே முடிகிறது. உங்கள் பாத்திரத்தின் ஜெபம் இரண்டில் எந்த வகை என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு எழுதுங்கள். 88-ஐப் போல ஆரம்பித்ததை 13-ஐப் போல முடிக்கத் துடிக்கும் கையைக் கொஞ்சம் கட்டுப்படுத்த வேண்டும்.

பிரசங்கத்துக்கு நூறு, நூற்றைம்பது சொல் போதும். அதையும் கேட்பவரின் காது வழியாகக் கொடுங்கள். கணவனை அடக்கம் செய்து ஒரு வாரம் ஆனவளுக்கு முழுப் பிரசங்கத்தில் ஒரு சொற்றொடர்தான் விழும், அதுவும் போதகர் அழுத்திச் சொன்னதாக இருக்காது. வேதவசனத்துக்கும் இதே கணக்கு: ஒரு சிறுகதைக்கு ஒரு வசனம். அது பொருந்தாத ஆள், பொருந்தாத நேரத்தில் சொல்வதாக அமைந்தால் இன்னும் நல்லது. வனாந்தரச் சோதனையில் இயேசுவிடம் சங்கீதம் 91-ஐ எடுத்துச் சொல்வது பிசாசு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகத்தை எழுதுவதுதான் கடினம், இதில்தான் நேர்மையும் சோதிக்கப்படுகிறது. நம்பாதவனுக்குச் சொத்தை வாதத்தைக் கொடுத்து நம்புகிறவனை ஜெயிக்க வைப்பது நம்பாத வாசகருக்கு மட்டுமல்ல, இரவில் தூக்கம் வராமல் அதே கேள்வியோடு புரளும் விசுவாசிக்கும் அவமதிப்பு. யோபுவின் நூல் இந்த விஷயத்தில் முதல்தரப் பயிற்சி. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த மூன்று நண்பர்களும் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அதுவரை ஒரு குறையும் இல்லை. வாயைத் திறந்த பிறகுதான் கெடுகிறது. ஆனால் அவர்கள் சொல்வது பொய்யா? அந்த நண்பர்களில் ஒருவனான எலிப்பாஸ் யோபு 5:13-ல் சொன்னதைப் பவுல் 1 கொரிந்தியர் 3:19-ல் வேதவாக்காகவே மேற்கோள் காட்டுகிறார். பொதுவில் உண்மையாக இருக்கும் வாக்கியம், சாம்பலில் உட்கார்ந்திருப்பவனிடம் சொல்லப்படும்போது தவறாகிறது. கடைசியில் கடவுள் கோபிப்பது, முறையிட்ட யோபுமேல் அல்ல, தமக்காக வாதாடிய நண்பர்கள்மேல் (42:7). ஆகவே உங்கள் கதையில் தவறு செய்யும் மூப்பருக்கும் போதகருக்கும் உண்மையான, அழகான வாக்கியங்களையே கொடுங்கள். எதிர்க்கிறவனுக்கு உங்களால் பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கொடுங்கள். அந்தக் கேள்வியைப் பத்துப் பக்கம் கழித்து யாராவது பேசித் தீர்த்துவிட்டால், அது போதுமான கேள்வி இல்லை என்று அர்த்தம். யோபுவிடம் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் நடந்த பேச்சு வாசகருக்குத் தெரியும். யோபுவுக்கு அது கடைசிவரை சொல்லப்படுவதே இல்லை. காரணத்தை வாசகருக்கு மட்டும் சொல்லி, பாத்திரத்துக்கு மறைத்துவைக்கும் இந்த உத்தியை இன்றைய கதையிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இயேசுவையே பாத்திரமாக்குகிறவர்களுக்குச் சுருக்கமாக. பிரதியில் வரும் இயேசு பெரும்பாலும் மெதுவாகப் பேசுவார், வியர்க்கமாட்டார், எல்லோர் மனதையும் படிப்பார். அவர் மனிதராகத் தோன்றியது மட்டுமே என்ற பழைய டோசெட்டிசம் அது. சுவிசேஷங்களில் அவர் களைத்துப்போய்க் கிணற்றருகே உட்காருகிறார், கல்லறை முன்னால் அழுகிறார். மனித இயல்பில் கிறிஸ்துவால் ஏற்கப்படாதது குணமாக்கப்படவில்லை என்று மேலே சொன்ன அதே கிரகோரி ஒரு கடிதத்தில் எழுதியதை எழுத்து மேசையில் ஒட்டிவைக்கலாம். எதிர்ப்பக்கத்துக்கு ஓடி வெறும் நல்லாசிரியராக ஆக்கினால், இவரை ஏன் சிலுவையில் அறைந்தார்கள் என்பது புரியாமல் போகும். பிதா, குமாரன், ஆவி என்ற திரித்துவத்தை உருவகக் கதையாக்கும்போது ஒரே ஆள் மூன்று வேஷம் போட்டால் அது 3-ஆம் நூற்றாண்டில் சபெல்லியுவின் பெயரால் அறியப்பட்ட போதனை. தெரிந்தே எழுதுவதென்றால் எழுதுங்கள்.

முடிவு. கடைசிப் பத்தியை வெட்டிவிட்டுப் படியுங்கள், பத்தில் எட்டுப் பிரதிக்கு அதுவே சிகிச்சை. யோனாவின் நூல் கடவுளின் கேள்வியோடு நின்றுவிடுகிறது: 1,20,000-க்கும் மேற்பட்ட மனிதரும் திரளான மிருகஜீவன்களும் இருக்கும் நினிவேக்காக நான் பரிதபியாமல் இருப்பேனா? யோனா என்ன சொன்னான் என்று எழுதவில்லை. லூக்கா 15-ல், கெட்டலைந்த தம்பி திரும்பி வந்ததற்காக நடக்கும் விருந்துக்குள் மூத்த மகன் போனானா? தெரியாது. மாற்கு சுவிசேஷத்தின் மிகப் பழைய கைப்பிரதிகள், இயேசுவின் காலியான கல்லறையைப் பார்த்த பெண்கள் பயந்து யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்ற இடத்தில் (16:8) முடிகின்றன. திறந்த முடிவு என்பது ஆசிரியருக்கு முடிக்கத் தெரியாததால் வருவதாக இருக்கக் கூடாது. மேலே சொன்ன மூன்றிலும் எஞ்சி நிற்கும் முடிவு எது என்பது தெளிவு: நினிவேயை ஏற்பதா, தம்பியை ஏற்பதா, வாயைத் திறப்பதா. உங்கள் கடைசிக் காட்சியில் அப்படி ஒரு முடிவு மிச்சமிருக்கிறதா என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் கதை திறந்திருக்கவில்லை, பாதியில் நிற்கிறது.

முதல் வாசகர்கள் இரண்டு பேராவது வேண்டும். உங்கள் சபை மரபைச் சேராத விசுவாசி ஒருவர், விசுவாசமே இல்லாத ஒருவர். முதலாமவர் வழிபாட்டு விவரப் பிழைகளைப் பிடிப்பார். இரண்டாமவரிடம் ஒரே கேள்வி: எந்த இடத்தில் உங்களுக்குப் பிரசங்கம் செய்வதாகத் தோன்றியது? போதகரிடம் காட்டினால் வசனம், சடங்கு, சட்டம் பற்றிய திருத்தங்களை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். "இது விசுவாசிகளை இடறச் செய்யும்" என்றால் எந்த வரி என்று கேளுங்கள். வரியைக் காட்ட முடிந்தால் அதை இரண்டு நாள் யோசியுங்கள். காட்ட முடியாவிட்டால் அது கதை தர வேண்டிய அசௌகரியமாகத்தான் இருக்கும், அப்படியே விடுங்கள்.

வாசிப்புக் குழுவில் வைப்பதானால் ஆறிலிருந்து எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம், உரக்க வாசிக்க 2,500 சொல்லுக்கு மிகாத கதை. எழுதியவர் கூட இருந்தால் வாயைத் திறக்கக் கூடாது. "இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்கிறோம்" என்று தொடங்கினால் எல்லோரும் ஞாயிறு பள்ளிக் குரலுக்கு மாறிவிடுவார்கள், அதன்பின் ஒரு உண்மையும் வெளிவராது. "அவள் ஏன் அம்மாளைப் பார்த்துச் சமாதானம் சொன்னாள்" என்பதுபோல ஒரு செயலைப் பிடித்துக் கேளுங்கள். வேதாகமத்தை முதல் நாற்பது நிமிடம் திறக்க வேண்டாம். பேச்சு தானாக ஒரு வசனத்தில் போய் முட்டும், அப்போது திறந்தால் போதும். யாராவது "எழுதியவர் என்ன சொல்ல வருகிறார்" என்று கேட்டால் பதில் சொல்லாமல், எந்த வரியில் அப்படித் தோன்றியது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வரைவில் முதலில் கைவைக்க வேண்டிய வரி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.